விரட்டப்பட்ட ஆசானும் மலைப்படைகளும்: ஹன்னஸ் ஷ்னைடரின் வாழ்வு

யுத்தங்களின் வரலாற்றைப் படிக்கும் நாம் தளபதிகளின் பெயர்களையும் அரசியல் தலைவர்களின் பெயர்களையுமே பெரும்பாலும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். படையினருக்கு நடக்கவும் ஏறவும் உயிர்பிழைக்கவும் கற்றுக்கொடுத்த ஆசான்களின் பெயர்கள் அந்த வரலாற்றின் அடிக்குறிப்புகளில் மறைந்துபோகின்றன. ஒஸ்திரியாவின் மலைக்கிராமம் ஒன்றிலே பிறந்து, முதலாம் உலக மகாயுத்தத்தில் தன் நாட்டின் மலைப்படையினருக்குப் பனிச்சறுக்குக் கற்பித்து, பின்னர் ஹிட்லரின் ஆட்சியால் சிறையிலிடப்பட்டு, தாயகத்தை இழந்து அமெரிக்காவிலே வாழ்ந்து மறைந்த ஹன்னஸ் ஷ்னைடர் அத்தகையவர்களுள் ஒருவர். பனிச்சறுக்கு விளையாட்டின் வரலாற்றில் அவருக்குத் தனியிடம் உண்டு. ஆனால் நாம் இங்கு நோக்க விரும்புவது, ஒரு நாடு தன் ஆசானை விரட்டியடித்தபோது அவருடைய வித்தைக்கு என்ன நேர்ந்தது என்பதையே.

சுரங்கப்பாதை ஒதுக்கிய கிராமம்

ஷ்னைடர் 1890 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24 ஆம் திகதி, ஆர்ல்பேர்க் கணவாயின் மேற்குப் புறத்திலுள்ள ஸ்ரூபன் என்னும் சிற்றூரில் பிறந்தார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் அமைந்த இவ்வூர், ஒரு காலத்தில் கணவாயைக் கடக்கும் வணிகர்களும் வண்டிக்காரர்களும் தங்கிச்செல்லும் இடமாக விளங்கியது. 1884 ஆம் ஆண்டில் மலையைக் குடைந்து புகையிரதச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் பயணிகள் ஊருக்குக் கீழாலேயே சென்றுவிட்டனர். குளிர்காலத்தில் பனி மூடிய வீதியைத் திறந்து வைத்திருக்கும் வீதிப் பராமரிப்பாளராக ஷ்னைடரின் தந்தையார் பணியாற்றினார். வறுமையும் பனியுமே அக்கிராமத்தின் சொத்துகளாக இருந்தன.

அந்நாட்களில் நோர்வேயிலிருந்து வந்த பனிச்சறுக்கு மத்திய ஐரோப்பாவில் அப்போதுதான் வேரூன்றிக்கொண்டிருந்தது. பிரெகன்ஸ் நகரைச் சேர்ந்த விக்டர் சோம் என்பவர் ஸ்ரூபனுக்கு வந்து சறுக்குவதைக் கண்ட சிறுவன் ஷ்னைடர், தானும் பலகைகளைக் காலிற் கட்டிக்கொண்டு பழகத் தொடங்கினான். சோம் அவனுக்கு வழிகாட்டினார். 1907 ஆம் ஆண்டின் இறுதியில், பதினேழே வயதான ஷ்னைடரை கணவாயின் மறுபுறத்திலுள்ள சென்ற் அன்ரனில் 'போஸ்ற்' ஹொட்டேலை நடத்திவந்த கார்ல் ஷூலர் தன் விருந்தினருக்குப் பனிச்சறுக்குக் கற்பிக்கும் ஆசிரியராக அமர்த்திக்கொண்டார். பனியை இடையூறாக மட்டுமே கண்டுவந்த மலைமக்களுக்கு அது வருமானமாகவும் மாறலாம் என்பதை இவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

அப்போது நிலவிய சறுக்கும் முறைகள் அல்ப்ஸின் செங்குத்தான சரிவுகளுக்குப் போதுமானவையாக இருக்கவில்லை. நோர்வே நாட்டு முறை மென்மையான குன்றுகளுக்கு ஏற்றது. ஒஸ்திரியாவின் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி நீண்ட ஒற்றை ஊன்றுகோலைக் கொண்டு வேகத்தை அடக்கும் முறையொன்றை வகுத்திருந்தார். ஷ்னைடரோ வேகத்தை அடக்குவதிலும் பார்க்க ஆளுவதையே நாடினார். முழங்கால்களை மடக்கி, உடலைத் தாழ்த்தி, பாரத்தை முன்னோக்கிச் செலுத்தி, பலகைகளின் பின்முனைகளை அகற்றித் திருப்பும் முறையை அவர் படிப்படியாகச் செம்மைப்படுத்தினார். பின்னாளில் இதுவே 'ஆர்ல்பேர்க் முறை' எனப் பெயர்பெற்றது.

மலையே முதல் எதிரி

1914 ஆம் ஆண்டில் யுத்தம் மூண்டபோது ஷ்னைடர் ஒஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சேர்க்கப்பட்டு, முதலில் ரஷ்ய முனைக்கு அனுப்பப்பட்டார். 1915 மே மாதத்தில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதைத் தொடர்ந்து நிலைமை மாறியது. இரு நாடுகளுக்கும் இடையிலான எல்லை அல்ப்ஸின் முகடுகளின் வழியே சென்றமையால், 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட உயரங்களிலே காவலரண்கள் அமைக்கப்பட்டன. பனிப்பாறைகளுக்குள் சுரங்கங்கள் வெட்டப்பட்டன. பீரங்கிகள் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு மனிதத் தோள்களிலும் கம்பி வடங்களிலும் மேலேற்றப்பட்டன. பனியிலே நகரத் தெரிந்தவர்களின் தேவை திடீரென உயர்ந்தது. ஷ்னைடரும் அம்முனைக்கு மாற்றப்பட்டு, மலைப்படையினருக்குப் பனிச்சறுக்குக் கற்பிக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டார்.

இந்த மலை யுத்தத்தில் குண்டுகளிலும் பார்க்கப் பனியே பெரும் கொலையாளியாக விளங்கியது என்றால் அது மிகையாகாது. 1916 ஆம் ஆண்டு டிசெம்பர் 13 ஆம் திகதி, மார்மொலாடா மலையில் அமைந்திருந்த ஒஸ்திரியப் படைமுகாம் ஒன்றின்மீது பனிச்சரிவு வீழ்ந்து ஏறத்தாழ 270 படையினரை ஒரே காலையில் புதைத்தது. அக்குளிர்காலத்தில் இருதரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் பனிச்சரிவுகளில் மாண்டனர். படைக்கு மலை ஆலோசகராகச் சேவையாற்றிய ஸ்டார்ஸ்கியே அவ்வாண்டு பெப்ரவரியில் பனிச்சரிவிலே சிக்கி, உடலில் ஏறக்குறைய எண்பது எலும்பு முறிவுகளுடனும் மூட்டு விலகல்களுடனும் உயிர்தப்பினார். அப்போது அவருக்கு வயது அறுபது.

இது பழங்கதையன்று. 2012 ஏப்ரலில் சியாச்சின் அருகே கயாரியில் வீழ்ந்த பனிச்சரிவு பாகிஸ்தான் படையினரும் பொதுமக்களுமாக 140 பேரைப் பலிகொண்டது. 2016 பெப்ரவரியில் அதே சியாச்சினின் இந்தியப் பக்கத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அடங்கலாக மெட்ராஸ் ரெஜிமென்ற்றின் 10 படையினர் பனிக்குள் புதையுண்டு மாண்டனர். மலை எந்தக் கொடியையும் பார்ப்பதில்லை என்ற உண்மை ஒரு நூற்றாண்டின் பின்னரும் மாறவில்லை.

இந்நிலையில் மலைப்படைப் பயிற்சி என்பது வெறும் சறுக்கற் பயிற்சி அல்ல என்பது விளங்கும். எந்தச் சரிவு உறுதியானது, எது உடையும் என்பதை அறிதல், முதுகிலே சுமையுடன் நிலைதளராது இறங்குதல், உறைபனியில் கைகால் விரல்களைக் காத்தல், காயமுற்ற தோழனைச் சறுக்குப் பலகையில் கிடத்தி இழுத்து வருதல் என அனைத்தும் அதில் அடங்கும். அழகாகச் சறுக்கும் வீரன் ஒருவனிலும் பார்க்க, விழாமல் இறங்கும் சாதாரணப் படையினர் நூறு பேரே இராணுவத்துக்குத் தேவைப்பட்டனர்.

ஷ்னைடர் ஓர் ஆசிரியர் என்ற வகையிலே முதிர்ச்சி பெற்றது இங்குதான் எனக் கொள்ளலாம். ஹொட்டேல் விருந்தினர் ஒருவருக்கு ஆறுதலாகக் கற்பிப்பது ஒன்று. பனியையே காணாத இளைஞர்கள் பலரைக் குறுகிய காலத்தில் மலைக்குத் தயார்ப்படுத்துவது முற்றிலும் வேறொன்று. பின்னைய பணிக்குத் திறமை மாத்திரம் போதாது, ஒழுங்கும் வேண்டும். எளியதிலிருந்து கடியதற்குச் செல்லும் படிமுறையும், ஆற்றலுக்கேற்ப மாணவரைப் பிரிக்கும் வகுப்புகளும், எல்லா ஆசிரியர்களும் ஒரே விதமாகக் கற்பிக்கும் கட்டுப்பாடும் பிற்காலத்தில் அவருடைய பாடசாலையின் அடையாளங்களாயின. அப்பாடசாலையில் படைமுகாமின் சாயல் இருந்தமை தற்செயலானதன்று.

புகழின் உச்சமும் அரசியலின் நிழலும்

யுத்தம் முடிந்தபோது ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறிப்போயிருந்தது. ஊர் திரும்பிய ஷ்னைடர் 1920களின் தொடக்கத்தில் சென்ற் அன்ரனில் தனது பனிச்சறுக்குப் பாடசாலையை நிறுவினார். ஆர்னோல்ட் ஃபாங் இயக்கிய திரைப்படங்களில் அவர் தோன்றியமையால் அவருடைய முகமும் முறையும் உலகெங்கும் பரவின. 1928 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஆர்னோல்ட் லன்னுடன் இணைந்து ஆர்ல்பேர்க்-கந்தஹார் என்னும் பந்தயத்தை ஆரம்பித்தார். 1930 ஆம் ஆண்டில் யப்பானுக்குச் சென்று தன் முறையைச் செய்துகாட்டினார். சுரங்கப்பாதையால் நலிவுற்ற மலைப்பகுதி, அதே புகையிரதத்தில் வந்திறங்கிய உல்லாசப் பயணிகளால் செழித்தது.

இச்செழிப்பின் பின்னணியில் இன்னொருவரும் இருந்தார். வியன்னாவைச் சேர்ந்த பொறியியலாளரான ருடோல்ஃப் கொம்பேர்ஸ், நோயிலிருந்து தேறுவதற்காக 1905 ஆம் ஆண்டில் சென்ற் அன்ரனுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். ஊரின் உல்லாசப் பயணத்துறையை ஷ்னைடருடன் தோளோடு தோள் நின்று கட்டியெழுப்பியவர். அவர் யூத வம்சாவளியைச் சேர்ந்தவர் என்பது அதுவரை எவருக்கும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

1933 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் நிலைமை மாறலாயிற்று. ஒஸ்திரியாவுக்குச் செல்லும் ஜேர்மனியர் ஒவ்வொருவரும் 1,000 மார்க் கட்ட வேண்டும் என அவ்வாண்டு மே மாதத்தில் விதிக்கப்பட்ட கட்டளை, டிரோல் மாநிலத்தின் மலையூர்களை நேரடியாகத் தாக்கியது. விருந்தினர் வரவு வீழ்ந்து, வீடுகளில் வருமானம் குன்றியபோது, ஜேர்மனியுடன் இணைந்தால் நல்வாழ்வு திரும்பும் என்று பேசியோரின் குரல் ஓங்கியது. வயிற்றில் அடித்துவிட்டு, அந்தப் பசியையே தமக்கான ஆதரவாக மாற்றும் இத்தந்திரத்தை உலகம் பின்னரும் பலமுறை கண்டுள்ளது. ஷ்னைடரின் பாடசாலைக்குள்ளும் பிளவு நுழைந்தது. நாஜி சார்புடைய ஆசிரியரைப் பணியிலிருந்து நீக்கவும், யூத நண்பர்களுடனான உறவைத் தொடரவும் அவர் தயங்கவில்லை. அவர் அரசியல்வாதி அல்லர், மேடையேறி முழங்கியவருமல்லர். தன் பாடசாலையின் வாசலில் எவரையும் இனம் கேட்டு நிறுத்தாதிருந்தமையே அவருடைய அரசியலாக இருந்தது.

1938 மார்ச் 12 ஆம் திகதி ஜேர்மன் படைகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தன. உடனடியாகவே ஷ்னைடர் கைதுசெய்யப்பட்டு லான்டெக் நகரச் சிறையில் அடைக்கப்பட்டார். ஒரு காலத்தில் அவரிடம் சம்பளம் பெற்றவர்களும், அவரால் ஊர் பெற்ற வளத்தை அனுபவித்தவர்களும் அவருக்கு எதிராக நின்றனர். அந்நாட்களில் சென்ற் அன்ரனில் நடைபெறவிருந்த ஆர்ல்பேர்க்-கந்தஹார் பந்தயத்தை லன் இரத்துச் செய்தார். சில வாரங்களின் பின்னர் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஷ்னைடர், ஊர் திரும்ப அனுமதிக்கப்படாது, ஜேர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷென் நகரில் நண்பரான ஒரு சட்டத்தரணியின் பொறுப்பிலே கண்காணிப்பின்கீழ் வைக்கப்பட்டார்.

அவருக்கு மீட்சி வந்தது எதிர்பாராத திசையிலிருந்தாகும். அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்திலுள்ள நோர்த் கொன்வே என்ற சிற்றூரிற் பிறந்து, நியூயோர்க்கின் பெரிய வங்கியொன்றின் தலைவராக உயர்ந்திருந்த ஹார்வி கிப்சன், தன் ஊரின் குன்றுகளில் பனிச்சறுக்கு மையமொன்றை வளர்த்துவந்தார். அமெரிக்க வங்கிகளுக்கு ஜேர்மனி செலுத்தவேண்டியிருந்த கடன்கள் தொடர்பான பேச்சுவார்த்தைகளில் பங்கெடுத்தவர் என்பதால், அவருடைய கோரிக்கையை ஜேர்மன் அதிகாரிகளால் இலகுவில் தட்டிக்கழிக்க இயலவில்லை. 1939 பெப்ரவரி 11 ஆம் திகதி ஷ்னைடர் மனைவியுடனும் மகன் ஹேர்பேர்ட், மகள் ஹேர்ட்டா ஆகியோருடனும் நோர்த் கொன்வே புகையிரத நிலையத்தில் வந்திறங்கினார். ஊர்ச் சிறுவர்கள் ஊன்றுகோல்களை உயர்த்திப் பிடித்து அமைத்த வளைவின் கீழாக அக்குடும்பம் நடந்துசென்றது.

கொம்பேர்ஸுக்கு அவ்வாறான ஒரு கிப்சன் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து வியன்னாவுக்கு வெளியேற்றப்பட்ட அவர், 1942 மே மாதத்தில் மின்ஸ்க் அருகேயுள்ள மாலி துரோஸ்தினெட்ஸ் கொலைக்களத்துக்கு நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். செல்வாக்குள்ள ஒருவரின் கை எட்டியவர் பிழைத்தார், எட்டாதவர் அழிந்தார். அகதிகளின் வரலாறு எங்கும் இதுவாகவே இருப்பதை நாம் மறுக்க முடியாது.

எதிரணியின் வேர்

ஷ்னைடர் அமெரிக்காவில் கால்பதித்த அதே ஆண்டின் நவம்பர் இறுதியில் சோவியத் படைகள் பின்லாந்துமீது படையெடுத்தன. வெள்ளை மேலங்கி அணிந்து காடுகளினூடே சறுக்கிச் சென்ற பின்லாந்துப் படையினர், வீதிகளை விட்டு விலக முடியாதிருந்த பெரும் சோவியத் படையணிகளைத் துண்டுதுண்டாக்கினர். 1940 மார்ச்சில் பின்லாந்து நிலப்பரப்பை இழந்து சமாதானம் செய்ய நேர்ந்தபோதிலும், பனிச்சறுக்குப் படைகளின் வலிமையை உலகம் கண்டுகொண்டது. அமெரிக்காவின் பனிச்சறுக்கு மீட்புத் தொண்டர் அமைப்பை நிறுவிய சார்ள்ஸ் மினொட் டோல், தமது நாட்டுக்கும் இத்தகைய படை வேண்டுமென யுத்தத் திணைக்களத்தை விடாது வற்புறுத்தினார். இதன் விளைவாக 1941 நவம்பரில் முதலாவது மலைப்படை ரெஜிமென்ற் அமைக்கப்பட்டது. அதுவே பின்னர் 10ஆவது மலைப்படைப் பிரிவாக விரிந்தது. ஆள்சேர்ப்பிலும் புதுமை இருந்தது. இராணுவத்துக்காகத் தொண்டர்களைத் தெரிவுசெய்யும் பணி டோலின் பொதுமக்கள் அமைப்பிடமே ஒப்படைக்கப்பட்டது. விண்ணப்பதாரர் மூன்று சிபாரிசுக் கடிதங்களைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது.

ஆனால் கற்பிப்பது யார்? அமெரிக்க இராணுவத்தில் இதற்கான மரபே இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்களுள் பலர் ஐரோப்பாவிலிருந்து வந்த பனிச்சறுக்கு ஆசிரியர்களாவர். ஷ்னைடரின் பாடசாலையில் ஆசிரியராக இருந்த ஒட்டோ லாங், இராணுவத்தின் பனிச்சறுக்குப் பயிற்சித் திரைப்படத்தை 1941 இல் இயக்கினார். சென்ற் அன்ரனிற் பிறந்து ஷ்னைடரிடம் பணியாற்றிய ஃப்ரீடல் ஃபைஃபர் 10ஆவது பிரிவில் இணைந்தார். ஷ்னைடரின் மகன் ஹேர்பேர்ட்டும் அப்பிரிவிற் சேர்ந்தார். நோர்த் கொன்வேயில் பாடசாலையை நடத்திக்கொண்டிருந்த ஷ்னைடர் படைச்சீருடை அணியவில்லை. ஆயினும் அவர் இருபதாண்டுகளுக்கு முன் வகுத்த படிமுறையே இப்போது புதிய படையொன்றின் அரிச்சுவடியாயிற்று.

கொலராடோ மாநிலத்தின் மலைப்பள்ளத்தாக்கொன்றில், ஏறத்தாழ 2,800 மீற்றர் உயரத்தில் 1942 இல் அமைக்கப்பட்ட ஹேல் முகாமில் சுமார் 15,000 படையினர் பயிற்சி பெற்றனர். நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலிற் பூட்டி, 40 கிலோகிராம் வரையான சுமையை முதுகிலேற்றி, குறைந்த ஒட்சிசனில் மூச்சுத்திணற ஏறி இறங்குவதே அவர்களின் அன்றாட வேலை. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து பனியைக் கண்டேயிராத இளைஞர்களும் அங்கு வந்துசேர்ந்தனர். 1944 வசந்த காலத்தில் நடைபெற்ற வாரக்கணக்கான ஒத்திகையின்போது, பனிப்புயலிலும் பூச்சியத்துக்கு மிகக் கீழான குளிரிலும் கூடாரமடித்துத் தங்கிய பலர் உறைபனியால் விரல்கள் பாதிக்கப்பட்டு வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் இத்தாலியிற் கண்ட சண்டையிலும் பார்க்க அந்த ஒத்திகையே கடினமானது எனக் கருதியவர்களும் உண்டு.

1945 ஜனவரியில் அப்பிரிவு முழுமையாக இத்தாலியை அடைந்தது. வட அப்பெனைன் மலைகளில் பெல்வெடேரே என்ற குன்றை ஜேர்மனியர் பிடித்துவைத்திருந்தனர். அக்குன்றைத் தாக்க முனைவோரை அதன் அயலிலுள்ள ரீவா முகட்டிலிருந்து தெளிவாகக் காணலாம். முகட்டின் செங்குத்தான பக்கத்தை எவரும் ஏறமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஜேர்மனியர் அங்கு சொற்பக் காவலையே வைத்திருந்தனர். பெப்ரவரி 18 ஆம் திகதி இரவு, ஏறத்தாழ 700 முதல் 800 வரையான அமெரிக்க மலைப்படையினர் நான்கு தடங்களில் இருளிலே ஏறி, விடிவதற்குள் முகட்டை அடைந்தனர். அடுத்த இரவிலேயே பெல்வெடேரே மீதான தாக்குதல் ஆரம்பமாயிற்று.

அந்த இரவில் எவரும் சறுக்குப் பலகைகளை அணிந்திருக்கவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. இத்தாலியில் அப்பிரிவு பலகைகளைப் பயன்படுத்தியது சில ரோந்துகளில் மாத்திரமே. அப்படியாயின் ஆண்டுக்கணக்கான பயிற்சி வீணா எனக் கேட்கலாம். இல்லை. இருளில் ஒலியின்றி நகர்தல், உடலின் எல்லையை அறிந்திருத்தல், அருகில் ஏறுபவனை நம்புதல் ஆகியவற்றையே அம்மலைகள் அவர்களுக்குக் கற்பித்திருந்தன. பலகை ஒரு கருவி. மலையைப் படிக்கும் அறிவே வித்தை. ஷ்னைடரின் தலைமுறை அல்ப்ஸில் பெரும் உயிர்விலை கொடுத்துக் கற்றதும் இதுவே.

இந்த வெற்றிகளுக்கும் விலை இருந்தது. நான்கு மாதங்களுக்குள் அப்பிரிவில் ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர். சுமார் 4,000 பேர் காயமுற்றனர். ஃபைஃபர் படுகாயமடைந்தார். 1996 இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட பொப் டோல் (இவர் சார்ள்ஸ் மினொட் டோலின் உறவினர் அல்லர்) 1945 ஏப்ரலில் இப்பிரிவிலே காயமுற்று, வலக்கையின் பயன்பாட்டை வாழ்நாள் முழுவதும் இழந்தார். ஹேர்பேர்ட் வெண்கல நட்சத்திரப் பதக்கத்துடன் உயிரோடு திரும்பினார். மறுபுறத்தில் ஜேர்மன் மலைப்படைகள் நின்றன. ஒஸ்திரியாவின் மலையூர் இளைஞர்களும் ஜேர்மன் இராணுவத்துக்குத் திரட்டப்பட்டிருந்த காலம் அது. தந்தை ஒரு யுத்தத்தில் இத்தாலிய மலைகளிலே ஒரு கொடியின்கீழ் நின்றார். மகன் மறு யுத்தத்தில் அதே நாட்டின் வேறொரு மலைத்தொடரில், தந்தையின் சொந்த ஊரை ஆண்டவர்களுக்கு எதிராக நின்றார். ஓர் ஆசானுக்கு இதிலும் பார்க்கக் கசப்பான வெற்றி வேறொன்று இருக்க முடியாது.

எஞ்சியிருப்பது எது?

யுத்தத்தின் பின்னர் 10ஆவது பிரிவின் வீரர்கள் பலர் தாம் கற்ற வித்தையைச் சமாதானத்துக்குத் திருப்பினர். ஃபைஃபர் அஸ்பென் நகரைப் பனிச்சறுக்கு மையமாக வளர்த்தார். அப்பிரிவைச் சேர்ந்த பீற் சைபேர்ட், வெய்ல் என்னும் மையம் 1962 இல் உருவாக வழிவகுத்தார். கணவாயின் அடிவாரத்தில் ஒரு ஹொட்டேல் வாசலில் தொடங்கிய பாடம், படைமுகாம்களைக் கடந்து மீண்டும் விளையாட்டாக மாறியது. ஷ்னைடர் 1955 ஏப்ரல் 26 ஆம் திகதி நோர்த் கொன்வேயில் காலமானார். அவருடைய பாடசாலையை ஹேர்பேர்ட் தொடர்ந்து நடத்தினார். ஹேல் முகாம் இருந்த பள்ளத்தாக்கு 2022 ஒக்டோபரில் அமெரிக்காவின் தேசிய நினைவிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

இவ்வாழ்வை வீரகாவியமாக வாசிப்பதற்கு நாம் உடன்படவில்லை. ஷ்னைடர் கற்பித்த வித்தை உயிர்களைக் காத்தது. அதே வித்தை உயிர்களைப் பறிப்பதற்கும் உதவியது. ஆசானுக்கும் இவ்விரண்டிலும் பங்குண்டு. ஆயினும் 1938 இல் அவருக்கு முன்னால் இலகுவான வழியொன்று இருந்தது. புதிய ஆட்சியாளருக்கு முன்னால் தலைகுனிந்து, நண்பர்களைக் கைவிட்டிருந்தால், ஜேர்மனியின் புகழ்பெற்ற பனிச்சறுக்கு ஆசானாக அவர் கொண்டாடப்பட்டிருப்பார். அவ்வழியை அவர் தெரிவுசெய்யவில்லை.

அவரை விரட்டியவர்கள் தமது ஊரைத் தூய்மைப்படுத்துவதாக எண்ணினர். உண்மையில் ஊரைக் கட்டியெழுப்பிய இருவரில் ஒருவரைக் கொலைக்களத்துக்கு அனுப்பினர், மற்றவரை எதிரணிக்குக் கையளித்தனர். நிலத்தையும் வீட்டையும் பாடசாலையையும் பறிமுதல் செய்யலாம். ஆசானின் தலைக்குள்ளும் கால்களுக்குள்ளும் இருப்பதைப் பறிமுதல் செய்ய எந்த ஆட்சியாலும் முடிந்ததில்லை. இனத்தையும் கொள்கையையும் காரணங்காட்டித் தன் ஆசான்களையும் அறிஞர்களையும் துரத்தும் எந்த நாடும், தான் வெளியேற்றியது எதனை என்பதைக் காலந்தாழ்த்தியே அறிந்துகொள்கிறது. ஆர்ல்பேர்க் கணவாய் எமக்குச் சொல்லிச்செல்லும் பாடம் இதுவே.